லில்லி வாங்கின கொத்துக் கணக்கு

4-7-2004, ஞாயிறு

இருந்தவர்கள்: நான், எங்க வீட்டுக்காரங்க, ஒண்ணாம் நம்பர் வீட்டு ராக்கம்மாள், ஊருக்குக் கிளம்பின ரோஸ்மேரி. எங்க லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிற மத்த நாலு குடித்தனக்காரங்களும் அவங்கவங்க வாசல்லயே நின்னுக்கிட்டாங்க, கிட்ட வரலை. கோழிகள் ஒன்பது. ரோஸ்மேரி கையில் இருந்த வெள்ளைக் கோழியோட பத்து.

ரோஸ்மேரி கோழியை என் கையில் கொடுத்து, “அக்கா, அம்மாவுக்கு மேலுக்கு முடியல. ஒரு மாசத்துல வந்துருவேன். லில்லிய பாத்துக்கிடுங்க” என்றாள். கோழிக்கு லில்லி என்று பேர். வீட்டுச் சாவியையும் கொடுத்தாள். சாவி எதுக்குக் கண்ணு, நீயே வெச்சுக்க என்றேன். கேட்கலை. பஸ் ஏறப் போனவள் கோழியை மட்டும்தான் திரும்பிப் பார்த்தாள்.

ராக்கம்மாள் சொன்னாள்: “கோழிக்கு வச்சிருக்கா பாருங்கக்கா பேரு. துரைசானி கணக்கா.”

எட்டு மாசமாக ஆறாம் நம்பரில் தனியாக இருக்கிறாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சத்தமாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஒப்படைத்த உயிர். நல்லபடியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிள்ளையாரப்பா.

6-7-2004, செவ்வாய்

லில்லியைக் கொல்லைக் கோழிகளோடு விட்டேன். இத்தனை நாள் ரோஸ்மேரி வீட்டு வாசப்படியிலேயே கால் கட்டிக் கிடந்ததால் கூட்டம் பழக்கமில்லை. தீனித் தொட்டிக்கிட்டப் போனால் தலையிலேயே ஒரு கொத்துப் போடுகிறார்கள். புதுசு என்றால் நாலு நாள் அப்படித்தான் இருக்கும்.

8-7-2004, வியாழன்

பிள்ளையார் கோயிலில் ரோஸ்மேரியின் தாயாருக்கு உடம்பு தேற அர்ச்சனை. பேரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. ஐயர் முழித்தார். சாமி பேருக்கே பண்ணுங்க, அவருக்குத் தெரியும் யாருக்குன்னு என்றேன். ஒரு மண்டலம் தினமும் விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டேன்.

11-7-2004, ஞாயிறு

நாலு நாள் போய் ஆறு நாள் ஆச்சு. லில்லியின் முதுகில் இறகு கொட்டி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரிகிறது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்கிறாள். மத்ததெல்லாம் தின்று முடித்த பிறகு வந்து மண்ணைக் கிளறுகிறாள். மண்ணில் என்ன இருக்கும்?

எனக்கு எதுவும் எழுதிப் பார்த்தால்தான் புரியும். அஞ்சாவதோடு நின்றவள். நூல் கம்பெனிக்காரர்கள் கொடுக்கிற டைரியை எங்க வீட்டுக்காரங்க கொண்டுவந்து போட, அதில் பால் கணக்கு எழுதி எழுதித்தான் எழுத்தே ஓடியது. மாடு வித்தாச்சு. இனி கோழிக்குக் கணக்கு. காலைத் தீனி போட்டதில் இருந்து கால் மணி நேரம், கல்லில் உட்கார்ந்து எண்ணப்போகிறேன். யார் கொத்தினது, எத்தனை தடவை.

13-7-2004, செவ்வாய்

நேற்று 14. இன்று 12.

கருப்பி 3, கொண்டைக்காரி 2, சாம்பலி 1. ஒரே அடையில் பொரித்த அஞ்சும் சேர்ந்து 1.

கூட்டினால் ஏழுதான் வருகிறது. தெரியும். மீதி அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

ராக்கம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னக்கா, கோழிக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கீகளா? லேட்டா வந்தா கூலியப் பிடிச்சிருவீகளோ?” என்று சிரிக்கிறாள். ஒன்பது வருசமாக இருக்கிறவள். அவள் இல்லாவிட்டால் இந்தக் கொல்லை வெறிச்சென்று போகும்.

16-7-2004, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. வாசல் தெளித்து, நிலைக்கு மஞ்சள் பூசி, அம்மிக்கும் துவைக்கிற கல்லுக்கும்கூடப் பொட்டு வைத்தேன். மாடு இருந்தவரைக்கும் அதன் நெற்றிக்கு வைப்பேன். இப்போது இருப்பது கோழிதானே? ஒவ்வொண்ணாகப் பிடித்து முதுகில் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டேன்.

லில்லிகிட்ட வந்தபோது கை நின்றது. வேதக்காரங்க வீட்டுக் கோழி. வைக்கலாமா? ரோஸ்மேரி கோவித்துக்கொள்வாளா? — ஒன்பதுக்கு வைத்து ஒருத்தியை விட்டால் அது ஓரவஞ்சனை. அவளுக்குத்தான் இப்போது துணை வேணும். நல்லாப் பெரிசாகவே வைத்தேன். வெள்ளை இறகில் பளிச்சென்று அம்மன் மாதிரி இருந்தாள்.

17-7-2004, சனி

31.

ரத்தம் வந்துவிட்டது. எண்ணிக்கொண்டே இருந்தேனே, எழுந்து போய்த் தடுக்காமல். என்ன பொம்பளை நான்.

கொடாப்பைக் கவிழ்த்து லில்லியை உள்ளே விட்டு, தனியாகத் தீனியும் தண்ணியும் வைத்தேன். மூங்கில் சந்து வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒன்றும் தின்னலை.

18-7-2004, ஞாயிறு

கொஞ்சம் கம்பு தின்றாள்.

21-7-2004, புதன்

புண் ஆறினாற்போல் இருந்தது. திறந்துவிட்டேன். அவ்வளவுதான், முதல் நாள் வந்தவளைத் துரத்தின மாதிரியே துரத்துகிறார்கள். நாலு நாள் கண்ணில் படாததால் மறுபடியும் புதுசாகிவிட்டாள்.

எங்க வீட்டுக்காரங்க பல் விளக்கிக்கொண்டே பார்த்தாங்க. “ஏம்புள்ள, அடி வாங்குனவள எதுக்கு அடைச்சு வெச்ச? கம்பெனியில ஒருத்தன் வம்பு பண்ணுனா அவனத்தான் வேற செக்‌ஷனுக்குத் தூக்கிப் போடுவேன். அடி வாங்குனவனத் தூக்குனா மெஷின்ல யாரு உக்காருவா?”

“யாரு வம்பு பண்றதுன்னு தெரியோணுமுங்களே” என்றேன்.

“நீதான் கணக்கு எழுதறயே.”

அந்தக் கணக்குத்தான் பொய்க் கணக்கு. இங்கே எழுதிவிடுகிறேன், சாமி பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது. 13ந் தேதி விட்டுப்போன அஞ்சு கொத்தும் செல்லாயி கொத்தினது. அன்றைக்கு மட்டும் இல்லை, தினமும் அவள்தான் முதலில் ஆரம்பிக்கிறாள். அவள் ஒரு கொத்து கொத்தினால் மத்ததுகளுக்கும் தைரியம் வந்துவிடுகிறது.

செல்லாயி — குஞ்சாக இருக்கும்போது மழையில் நனைந்து செத்ததாகப் போட்டுவிட்டதை என் மடியில் வைத்துச் சூடு காட்டி எழுப்பினேன். இன்றைக்கும் என் உள்ளங்கையில் தின்கிறவள். முதல் பிடி அரிசி அவளுக்குத்தான். அவள் பேரை எழுதக் கை வரலை.

22-7-2004, வியாழன்

செல்லாயியைக் கொடாப்பில் போட்டேன். கேறிக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் போகாமல் சமையல் வேலையைப் பார்த்தேன்.

லில்லி வாங்கினது: 4.

23-7-2004, வெள்ளி

இரண்டாம் வெள்ளி. எல்லாருக்கும் பொட்டு. கொடாப்புக்குள் கையை விட்டுச் செல்லாயிக்கும். லில்லிக்கு அழுத்தமாக.

24-7-2004, சனி

27. செல்லாயி கொடாப்புக்குள் இருக்கும்போது 27!

ஆறின இடத்திலேயே மறுபடியும் ரத்தம். அந்த அஞ்சு சாதுக் குட்டிகளும்கூடக் கொத்துதுக. வியாழக்கிழமை நாலு, சனிக்கிழமை இருபத்தேழு. நடுவில் என்ன ஆச்சு? தீனி அதே தீனி. தண்ணி அதே தண்ணி. யாராவது கண் போட்டுவிட்டார்களா?

மதியம்.

டைரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 31 வந்த நாள் சனிக்கிழமை. 27ம் சனிக்கிழமை. அதுக்கு முந்தின நாள் வெள்ளி. வெள்ளிக்கிழமை நான் என்ன செய்கிறேன்?

அய்யோ.

கருப்பிக்கும் சாம்பலிக்கும் குங்குமம் இறகோடு இறகாய்ப் போய்விடுகிறது. செவலைக் கோழிக்குச் சுத்தமாகத் தெரியாது. வெள்ளை முதுகில் வைத்தால்? தூரத்தில் இருந்து பார்க்கிற கோழிக்கு அது ரத்தம்தானே. சிவப்பைக் கண்டால் கொத்தும் என்று எனக்குத் தெரியாதா? தக்காளித் தோலைப் போட்டால் எப்படி ஓடி வருதுக. தெரிந்திருந்தும் என் கையாலேயே, இங்கே கொத்துங்க என்று காட்டிவிட்டேன். அதுவும் பெரிசாக. அழுத்தமாக.

நல்லதுக்குன்னுதான் வெச்சேன், தாயே. உனக்குத் தெரியும்.

ஈரத்துணியால் துடைக்கும்போது என் கைக்குள் அப்படியே அடங்கி உட்கார்ந்திருந்தாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

25-7-2004, ஞாயிறு

வெந்நீர் அடுப்புக் கரியை நுணுக்கி வேப்பெண்ணெயில் குழைத்து லில்லியின் புண்ணில் பூசினேன். ஈயும் மொய்க்காது, சிவப்பும் தெரியாது. முதுகு கன்னங்கரேலென்று இருக்கிறது. ஒரு கோழி கிட்ட வந்து ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனது. கசப்பு.

26-7-2004, திங்கள்

9.

இன்னொரு விசயம். தொட்டி ஒன்றுதான் இருக்கிறது. தொட்டியின் வாயில் ஒருத்தி நின்றுகொண்டால் மத்தது எப்படித் தின்னும்? தேங்காய்ச் சிரட்டை பதினாலு சேர்த்து வைத்திருந்தேன். கொல்லை முழுக்கத் தள்ளித் தள்ளி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி போட்டேன். ஒருத்தி எத்தனை சிரட்டையைக் காவல் காப்பாள்? ஒன்றில் துரத்தினால் அடுத்ததுக்கு ஓடுகிறாள் லில்லி. நாலாவது சிரட்டையில் நின்று நிம்மதியாகத் தின்றாள். நான் பார்க்க, இருபது நாளைக்கு அப்புறம் தலை நிமிர்ந்து.

தண்ணியும் மூன்று இடத்தில் வைத்தாச்சு. முருங்கைக் கொத்து ஒன்றைக் கம்பியில் எட்டி எட்டிக் கொத்துகிற உயரத்தில் கட்டிவிட்டேன். சும்மா இருந்தால்தானே அடுத்தவள் முதுகு ஞாபகம் வரும்.

27-7-2004, செவ்வாய்

செல்லாயியைத் திறந்துவிட்டேன். அஞ்சு நாள் இல்லாததில் அவள் இடம் போய்விட்டது. கருப்பி ஒரு போடு போட்டாள். செல்லாயி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். உள்ளங்கை அரிசிக்கு ஓடி வந்தாள். கொடுக்கலை. சிரட்டையில் போய்த் தின்னு சாமி என்றேன்.

30-7-2004, வெள்ளி

மூன்றாம் வெள்ளி. குங்குமம் இல்லை. எல்லாருக்கும் திருநீறு. மீதித் திருநீற்றை அடுப்புச் சாம்பலோடு சேர்த்து மூலைக்குழியில் கொட்டினேன். பத்துப் பேரும் அதில் படுத்துப் புரண்டு இறகை உதறினதில் கொல்லையே புகைமூட்டம். லில்லியும் புரண்டாள். செல்லாயிக்குப் பக்கத்திலேயே.

31-7-2004, சனி

2.

2-8-2004, திங்கள்

ஆடிப் பதினெட்டு. காலையில் தாலிக் கயிறு மாற்றி விளக்கேற்றினேன். எட்டு நாளைக்கு அப்புறம் நல்ல தண்ணி வந்தது. ஒரே குழாய், ஆறு வீடு. ரோஸ்மேரி வீடு பூட்டியிருப்பதால் அஞ்சு.

வழக்கமாக நான் உள்ளே பூஜையில் இருப்பேன். இன்று கோழிக்குச் சிரட்டை கழுவிக்கொண்டு கொல்லையில் இருந்தேன். ராக்கம்மாள்தான் குழாய்க்கிட்ட. அஞ்சாம் நம்பர் மூக்கம்மாள் இரண்டு குடத்தோடு நின்றாள். முறை வந்ததும் ராக்கம்மாள் காலால் அவள் குடத்தை நகர்த்திவிட்டு, “இரு, எனக்கு இன்னொரு கொடம் கெடக்கு. ஒனக்கு என்ன அவசரம், கலெக்டர் வேலைக்கா போற?” என்றாள். மத்த மூன்று பேரும் சிரித்தார்கள். மூக்கம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். தண்ணி நின்றபோது அவளுக்கு அரைக் குடம்.

கையில் சிரட்டையோடு அப்படியே நின்றேன்.

போன மாசம் வரைக்கும் அந்தக் கடைசி இடத்தில் யார் நின்றாள்?

குழாய்ச் சுவரில் கரிக்கட்டியால் எழுதியிருக்கிறது: ‘குடிவந்த வரிசைப்படி தண்ணி பிடிக்கவும்.’ எழுத்து என்னோடது. சண்டை வராமல் இருக்கட்டும் என்று எழுதினேன். ஒரு நாள்கூட வந்து நின்று பார்த்ததில்லை.

3-8-2004, செவ்வாய்

மூக்கம்மாளைக் கூப்பிட்டு எங்கள் தொட்டியில் இருந்து இரண்டு குடம் ஊற்றினேன். ரோஸ்மேரிக்கும் இப்படித்தானா என்றேன். குடத்தைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“அவளுக்கு இதுவும் கெடைக்காதுங்கம்மா. ஒத்த ஆளுக்கு எதுக்குடி மூணு கொடம், எவனக் குளிப்பாட்டப் போறன்னு கேப்பாக. ராக்கம்மாக்கா கேக்கவும் எல்லாரும் கேக்க ஆரம்பிச்சோம். நானும் ஒரு தடவ கேட்டேம்மா.” தலையைக் குனிந்துகொண்டாள். “கடைசியா அவ கம்பெனில போயி பாட்டில்ல பிடிச்சிட்டு வருவா.”

அம்மாவுக்கு எப்படி இருக்காம், ஏதாவது தெரியுமா என்று கேட்டேன்.

“யாரு அம்மாவுக்கு? அவ அம்மா செத்து ரெண்டு வருசமாச்சுங்களே. சாத்தான்குளம் பக்கம் அக்கா வீட்டுக்குத்தான் போயிருக்கா.”

அப்போ ஒரு மாசத்தில் வருகிறேன் என்றது? சாவியைக் கொடுத்தது? திரும்பி வர எண்ணம் இல்லாதவள் கோழியை விட்டுவிட்டுப் போவாளா? — இல்லை, பஸ்ஸில் கொண்டுபோக முடியாது என்றுதான் விட்டுப் போனாளா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு.

எப்படிச் சொல்லுவாள். சுவரில் எழுதினது நான்தானே.

செத்துப்போன அம்மாவுக்கு உடம்பு தேற இருபத்தாறு நாளாக விளக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சாமி சிரித்திருக்கும். நிறுத்தலை. அந்தத் தாய் எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும் என்று மண்டலத்தை முடிக்கிறேன்.

4-8-2004, புதன்

ராக்கம்மாளைக் கேட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

“நான் இந்த லைனுக்கு வந்தப்ப எனக்கு என்ன செஞ்சாக தெரியுமாக்கா? ஆறு மாசம் பாசித் தண்ணியத்தான் பிடிச்சேன். அன்னைக்கி நீங்க வந்து கேக்கல.”

உண்மைதான், கேட்கலை.

அவளே, “ஒரு வெளாட்டுக்குத்தான் ஆரம்பிச்சேன். அவ திருப்பி ஏசியிருந்தா விட்டிருப்பேன். பேசாம நின்னா பாருங்க, அதான் இன்னும் ரெண்டு வார்த்த வந்துருச்சு” என்றாள். போகும்போது லில்லியைப் பார்த்துவிட்டு, “என்னக்கா இது, முதுகெல்லாம் கரி?” என்றாள். சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஈரத்துணி எடுத்துப்போய்ச் சுவர் எழுத்தை அழித்தேன். முழுசாகப் போகலை. சுண்ணாம்பு அடிக்கணும்.

9-8-2004, திங்கள்

0. முதல் சைபர்.

15-8-2004, ஞாயிறு

பிளம்பர் ஆத்தப்பன் இன்று வந்து எங்கள் தண்ணித் தொட்டியில் மூன்று குழாய் வைத்துக் கொடுத்தார். தண்ணி வருகிற நாள் அதில் நிரப்பிவிட்டால் யாரும் எப்போதும் பிடித்துக்கொள்ளலாம். “எதுக்கு மூணு, ஒண்ணு பத்தாதா?” என்றாங்க அவங்க. “ஒண்ணுன்னா ஒருத்தி காவல் நின்னுக்குவாளுங்க” என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “சரி, சூப்பர்வைசர் சொன்னாச் சரிதான்” என்றாங்க.

20-8-2004, வெள்ளி

லில்லி மூன்று நாளாகக் கூடையை விட்டு எழவில்லை. அடைக்கு உட்கார்ந்துவிட்டாள். அவள் முட்டை நாலு, செல்லாயி முட்டை மூன்று, கருப்பி முட்டை இரண்டு வைத்தேன். முதுகில் புது இறகு, நெல் முனை மாதிரி வெள்ளையாக.

செப்டம்பர் 10 வாக்கில் பொரிக்கும்.

27-8-2004, வெள்ளி

ராக்கம்மாள், ரோஸ்மேரி வேலை பார்த்த கம்பெனி டைம் ஆபீஸில் போய் அவள் அக்கா விலாசத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். நான் கேட்கவே இல்லை. சீட்டை என் கையில் வைத்துவிட்டு, மூன்று குழாயில் கடைசிக் குழாயில் போய்த் தண்ணி பிடித்தாள்.

29-8-2004, ஞாயிறு

இன்லேண்டு லெட்டரில் எழுதினதற்கு நகல்:

அன்புள்ள ரோஸ்மேரிக்கு ஞானாம்பாள் எழுதுவது. நலம். நீயும் உன் அக்கா வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

லில்லி உயிரோடு நன்றாக இருக்கிறாள். நடுவில் அவளுக்குக் காயம் பட்டது. அதற்கு நானும் ஒரு காரணம். நேரில் சொல்கிறேன். நீ திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். அவளுக்குக் குங்குமம் வைத்துவிட்டேன், அதற்கும் சேர்த்துத் திட்டு. இப்போது ஒன்பது முட்டையில் அடை உட்கார்ந்திருக்கிறாள். செல்லாயி என்று என் கோழி ஒன்று முன்னே அவளை ரொம்பப் படுத்தியது. இப்போது அடைக்கூடைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது.

உன் தாயாரைப் பற்றி மூக்கம்மாள் சொன்னாள். நீ பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. உண்மையைச் சொல்கிற மாதிரி நான் உன்னை வைத்திருக்கவில்லை. சுவரில் இருந்த எழுத்தை அழித்துச் சுண்ணாம்பு அடித்தாச்சு. தண்ணிக்கு இப்போது மூன்று குழாய்.

ராக்கம்மாள் பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறாள், சொன்னபடியே எழுதுகிறேன்: “எனக்கு மன்னிப்புக் கேக்கெல்லாம் தெரியாது. வந்தான்னா கருவாட்டுக் கொழம்பு வச்சுத் தாரேன். அவ கொடத்த நான் தூக்கியாந்து குடுக்கேன். வரலைன்னா கோழிய நாங்க எடுத்துக்கிடுவோம்னு எழுதுங்க.” கடைசி வரி விளையாட்டுக்கு. அவள் அழுதுகொண்டே சொன்னாள், அழுததை எழுத வேண்டாம் என்றாள், எழுதிவிட்டேன்.

ஆறாம் நம்பர் வீட்டுக்கு இரண்டு பேர் வந்து கேட்டாச்சு. ஆள் இருக்காங்க என்று சொல்லி அனுப்பினேன். சாவி சாமி மாடத்தில் இருக்கிறது.

நீ வரப்போவதில்லை என்றாலும் கோபம் இல்லை. குஞ்சோடு லில்லியை நானே கொண்டுவந்து உன்னிடம் சேர்க்கிறேன். ஆனால் பொரித்த குஞ்சை உடனே பஸ்ஸில் ஏற்ற முடியாது, முன்கூட்டியே தெரிய வேண்டும். செப்டம்பர் பத்துக்குள் பொரித்துவிடும். அதற்குள் வருகிறாயா, இல்லையா? சீக்கிரம் ஒரு வரி பதில் எழுதிப் போடு கண்ணு.